கரையிலிருந்து சுழியோட ஆழம் தேடுகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பலர் விடும் பிழைகள்

படகுச் செலவில்லாமல், கரையிலேயே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி நல்ல ஆழத்துக்குப் போய்விட வேண்டும். புதிதாகச் சுழியோடப் பழகிய பலருக்கும் இதுதான் ஆசை. திருகோணமலையில் சுவாமி மலையின் அடியிலேயே கடல் ஆழமாகக் கிடக்கிறது. அந்தக் கணக்கோடு தெற்கே வந்தால் சரிவராது. எங்கள் பக்கம் பெரும்பாலும் மணற்கரை, ஆழம் தள்ளித்தான் இருக்கிறது.

பாசிக்குடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவு, அலை இல்லை, இறங்குவது சுலபம். ஆனால் குடாவுக்குள் வெகுதூரம் நடந்தே போகலாம். முகமூடியும் ஸ்நோர்கலும் போதுமான இடத்துக்கு சிலிண்டரைச் சுமந்து போவது வீண் வேலை. இன்னும் சிலர் கல்லடியில் நின்று ஹெர்மிஸ் கப்பல் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே 40 மீட்டர்தான். படகும் தனிப் பயிற்சியும் இல்லாமல் அதை நினைக்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமான தெரிவு முகத்துவாரம். கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் என்பது உண்மைதான். ஆனால் வாவியும் கடலும் அந்த ஒடுங்கிய வழியால்தான் தண்ணீரை மாற்றிக்கொள்கின்றன. வாவித் தண்ணீர் வெளியே பாயும் நேரத்தில் எவ்வளவு பலமான துடுப்புக்காலும் எதிர்த்து நிற்காது. கலங்கலில் கையே தெரியாது, போதாக்குறைக்கு வள்ளங்களும் போய்வரும். மாரி மழைக்குப் பிறகு இன்னும் மோசம்.

கடல் தட்டையாகத் தெரிந்தால் பயமில்லை என்று நினைப்பதும் பிழை. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் கண்ணாடி போல இருக்கும். அதே காற்று, மேலே மிதப்பவரை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். திரும்பி நீந்தும்போதுதான் விஷயம் புரியும். 20 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலுள்ள காற்று மேற்பரப்பைவிட மூன்று மடங்கு வேகமாகத் தீரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அறுகம்பேயில் மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக் காலம். அலைச்சறுக்குபவர்களுக்கு நல்ல நாள், சிலிண்டரோடு இறங்குபவருக்குக் கெட்ட நாள். அவ்வளவுதான்.

அப்புறம், மீனவரிடம் கேட்கும் முறை. "இங்கே ஆழமா?" என்றால் "ஓம், ஆழம்தான்" என்று பதில் வரும், வேறென்ன சொல்வார்? எத்தனை பாகம் என்று கேளுங்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி, ஆகவே பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர். அதைவிட நல்ல கேள்வி, கரைவலை போடாத இடம் எது, ஏன் என்பது. வலை கிழியும் இடத்தில்தான் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும், மீனும் அங்கேதான். வலை போடும் இடம் என்றால், இழுத்து முடிக்கும்வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள். கயிறும் வலையும் வெகுதூரம் விரிந்து கிடக்கும்.

கடைசியாக, இறங்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அலை கரையிலேயே உடையும் சரிவான மணலில் இறங்குவது எளிது, களைத்த காலோடும் பாரத்தோடும் ஏறுவது கடினம். முதலில் ஏறும் இடத்தைத் தெரிவுசெய்து, அங்கே ஒருவரை நிறுத்திவையுங்கள். மிதவைக் கொடியைக் கட்டிக்கொண்டு காலையிலேயே இறங்குங்கள்.