வளர்ப்புக் குடும்பத்தை மதிப்பிடப் போகிறீர்களா? களத்துக்குப் புதியவர்களுக்கு

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புதிதாகச் சேர்ந்து, வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளையைத் தற்காலிகமாகத் தங்கள் வீட்டில் வளர்க்க, மனு போட்ட குடும்பத்தின் கோப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், ஆவணங்களை அலுவலகத்திலேயே பார்த்து முடித்துவிடுங்கள். ஆதார், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறை சரிபார்ப்பு, தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை. வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்படி திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவரும் மனு போடலாம். ஆனால் தனி ஆணிடம் பெண் குழந்தையை ஒப்படைக்க முடியாது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தால் வந்த வேலை கெட்டுவிடும்.

குறுவை நடவிலோ சம்பா அறுப்பிலோ காலையில் போனால் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், சாயங்காலம் போங்கள். முதல் தடவை சொல்லிவிட்டுப் போனால் காபியும் முறுக்கும் வரும், பிள்ளைகள் தலைவாரி வரிசையாக நிற்பார்கள். அடுத்த தடவை வேறு நேரத்தில் போங்கள்.

“ஏன் ஒரு பிள்ளையை வளர்க்க ஆசைப்படுகிறீர்கள்” என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதிலாகத்தான் சொல்வார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: “பிள்ளை வந்துட்டான்னு வச்சுக்குங்க, காலையில எந்திரிச்சதிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் அவன் என்ன செய்வான், சொல்லுங்கம்மா.” ஒரு அம்மா சரளமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுவான், அப்புறம் மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவான் என்று. அவர் சொன்ன நாளில் வீட்டுப் பாடமும் இல்லை, விளையாட்டும் இல்லை. இந்த மாதிரி பதிலை வார்த்தை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசியே ஆக வேண்டும், முக்கியமாக மாமியாரிடமும் சொந்தப் பிள்ளைகளிடமும். புருஷன் பெண்டாட்டி ஆசைப்பட்டிருப்பார்கள், பெரியவர் மனசுக்குள் “எந்தச் சாதிப் புள்ளையோ” என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். சாதிப் பேச்சை எடுக்கச் சங்கடப்பட்டு விட்டுவிடாதீர்கள். அடுப்படிக்குள் வரலாமா, சாமி மாடத்தில் விளக்கு ஏற்றலாமா, உங்கள் பேரன் சாப்பிடுகிற தட்டிலேயே சாப்பிடலாமா என்று நேராகக் கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வருகிற தயக்கத்தையும் எழுதுங்கள். குழந்தையின் பழக்கவழக்கத்தோடு ஒத்துப்போகிற குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுப்பது சரிதான், ஆனால் பிள்ளையைத் திண்ணையோடு நிறுத்துகிற வீடு அந்தக் கணக்கில் வராது.

பேச்சுக்கு நடுவே கண்ணும் வேலை செய்யட்டும். பிள்ளை எங்கே, யார் பக்கத்தில் படுக்கும்? குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? கொல்லைப்புறத்தில் வாய்க்கால் ஓடினால், மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு எவ்வளவு ஆழம் நிற்கும் என்று கேளுங்கள். ஓட்டு வீடா மாடி வீடா என்பதை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள்.

கேட்டே தீர வேண்டிய இன்னொன்று: “பெத்த அம்மா அப்பப்ப வந்து பார்த்தா என்ன செய்வீங்க?” இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44-ன்படி, குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு தடுக்காத வரை, பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். பிள்ளை இல்லாத தம்பதிகள் பலர் இதைத் தத்து என்றே நினைத்து வருகிறார்கள், பாவம், அவர்கள் ஏக்கம் நமக்கும் புரிகிறது. இருந்தாலும் இது தத்து இல்லை, பிள்ளை தன் வீட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று அன்றைக்கே விளக்கிச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் அழுவது பிள்ளையும்தான்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அதை நம்பித்தான் அடுப்பு எரியும் என்றால் தாமதமாகிற மாதம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது குழந்தையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. குடிப்பழக்கம், அடிதடி, கந்துவட்டிக் கடன், இவ்வளவு தெரிந்தால் போதும். பெட்டிக்கடைக்காரர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

அறிக்கையில் “நல்ல குடும்பம்” என்று எழுதினால் குழுவுக்கு ஒன்றும் விளங்காது. பார்த்தது, கேட்டது, உங்கள் கருத்து மூன்றையும் பிரித்து எழுதுங்கள். பரிந்துரைக்க மனம் வரவில்லை என்றால் காரணத்தோடு அதையும் எழுதுங்கள், ஊர்ப் பெரியவர் யார் போன் பண்ணினாலும் சரி.