லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, அடுத்து? புது விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்டர், லாயர் வரிசையில் மலேசியாவில் நம்மவர் வீடுகளில் இப்போது பைலட்டும் சேர்ந்துவிட்டது. செந்தூலிலும் கிள்ளானிலும் பட்டர்வொர்த்திலும், லட்சக்கணக்கான வெள்ளி செலவழித்து, மலாக்காவிலோ லங்காவியிலோ கோத்தா பாருவிலோ பயிற்சி முடித்துத் திரும்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சிபிஎல் என்னும் வணிக விமானி உரிமம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஏடிபிஎல் என்னும் ஏர்லைன் விமானி உரிமத்துக்கான பாடத் தேர்வுகள் எல்லாம் ஆயிற்று. பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் ஏறக்குறைய 200 மணி நேரம். கல்யாண வீட்டில் பெரியம்மா கேட்பார்: "எந்தப் பிளேன் ஓட்டுற ஐயா?"

பல தவறுகள் இந்தக் கேள்விக்குக் கௌரவமாகப் பதில் சொல்ல நினைப்பதிலிருந்தே தொடங்குகின்றன. விமானம் எவ்வளவு பெரியது என்பது முதல் வேலைக்கு அளவுகோலே இல்லை. அந்த வேலை லாக்புக்கில் என்ன சேர்க்கிறது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு.

பெரிய பணத்தைத் தின்னும் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காமல் சில மாதங்கள் போனதும் வீட்டில் ஒரு யோசனை முளைக்கும்: "ஏ320 டைப் ரேட்டிங்கை நாமே காசு கட்டி எடுத்துவிட்டால் என்ன?" டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி. வேலைக்கான உத்தரவாதம் எழுத்தில் இல்லாதவரை அதை எடுக்காதீர்கள். டைப் ரேட்டிங்கின் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கிறது. ஆனால் 200 மணி நேரக்காரர் அதன் பிறகு நிஜ விமானத்தில், பயணிகள் இல்லாமல், சுற்றிச் சுற்றி வந்து இறங்கிப் பழக வேண்டும். அதற்கு ஒரு ஏ320-ஐ யார் தருவார்கள்? விமான நிறுவனம்தான். அதற்கடுத்து பயிற்சி கேப்டனின் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பறக்கும் லைன் டிரெயினிங், அதுவும் நிறுவனத்துக்குள்ளேதான். ஆகவே சொந்தக் காசில் எடுத்த ரேட்டிங் பாதி வழியில் நிற்கும். போதாக்குறைக்கு அதை ஆண்டுதோறும் சிமுலேட்டர் செக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவும் உங்களுடையதே. நீங்கள் ஏ320-க்குப் பணம் கட்டிய ஆண்டில் ஆள் எடுக்கும் கம்பெனியிடம் போயிங் 737 இருந்தால் கதை முடிந்தது.

அடுத்தது, சின்ன விமானங்களையும் பயிற்றுநர் வேலையையும் கேவலமாகப் பார்ப்பது. "பறக்கிற ஸ்கூல்ல வாத்தியாரா?" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் விதியைப் படித்துப் பார்க்கலாம். முழு ஏடிபிஎல்லுக்கு சர்வதேச விதி கேட்பது மொத்தம் 1500 மணி நேரம். அதில் பொறுப்பு விமானியாக 250 மணி நேரம் காட்ட வேண்டும். குறைந்தது 70 மணி நேரம் நேரடிப் பொறுப்பில் பறந்ததாக இருந்தால், மீதியை மேற்பார்வையில் பறந்து நிரப்பலாம். ஏர்லைனில் துணை விமானியாக வலது இருக்கையில் உட்கார்ந்து லாக்புக்கின் இந்தப் பத்தியை நிரப்பப் பல காலம் பிடிக்கும். பயிற்றுநருக்கோ சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பத்தியில்தான் விழுகிறது. மாணவன் தரையை நெருங்கும்போது விமானத்தின் மூக்கை அதிகமாகத் தூக்கப்போவதை அவன் கை அசைவதற்கு முன்பே கவனிக்கும் கண் வேறெந்த வேலையிலும் இவ்வளவு சீக்கிரம் வராது. குறையும் உண்டு, மறைக்கவில்லை: சம்பளம் சுமார், இரவுப் பறப்பு கிடைப்பது அரிது, ஏடிபிஎல்லுக்கோ 100 மணி நேரம் இரவில் பறந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுந்தூரத்துக்குப் பறக்கும் ஏடிஆர் 72 என்னும் டர்போபுராப் (சுழல்விசிறி) விமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபயர்ஃபிளை விமான நிறுவனம் 2007-ல் பினாங்கிலிருந்து இப்படிப்பட்ட டர்போபுராப் விமானத்தோடுதான் தொடங்கியது. சுபாங்கிலிருந்து பினாங்கு போவதற்கு ஒரு மணி நேரம் போலத்தான். ஒரே நாளில் நான்கு செக்டர் (ஏறி இறங்கும் ஒரு பயணம்), அதில் இரண்டு லேண்டிங் துணை விமானியின் கையில். மதியம் மூன்று மணிக்கு மேல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மழை கட்டிக்கொண்டு நிற்கும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது, எரிபொருள் எவ்வளவு மிச்சம், திரும்பிவிடலாமா என்று வாரத்துக்கு நாலு தரம் முடிவெடுக்க நேரும். நீள்தூர விமானத்தில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழருக்கு மாதம் முழுவதற்கும் லேண்டிங் சில மட்டுமே தேறும். என்னைக் கேட்டால், இரண்டு ஆண்டு ஏடிஆர் ஓட்டியவரின் கைப்பழக்கத்துக்கு ஈடு இல்லை. சரவாக் உட்பகுதியில் பாரியோ போன்ற இடங்களுக்குப் போகும் 19 இருக்கை டுவின் ஓட்டர் அதைவிடக் கடினமான பள்ளிக்கூடம். ஆனால் தீபகற்பத்துக்காரர்கள் சரவாக்கில் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிட்டு விண்ணப்பித்துவிடாதீர்கள்.

சிலர் கொஞ்சமும் வளைய மாட்டார்கள். பெரிய கம்பெனி அழைக்கும்வரை வீட்டிலேயே இருப்போம் என்று காத்திருப்பார்கள். இதற்கிடையில் கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ் 12 மாதத்தில் முடியும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் ஓராண்டுதான். ஆங்கில மொழித் தேர்ச்சி நிலை 4 என்றால் மூன்று ஆண்டில் மறுபடி தேர்வுக்குப் போக வேண்டும். தாள்களைக்கூடப் புதுப்பித்துக்கொள்ளலாம், கை மறப்பதை என்ன செய்வது? ஒருநாள் அழைப்பு வரும். சிமுலேட்டரில் ஆட்டோபைலட்டை அணைப்பார்கள், எப்படித் திருப்புவது என்று திரையில் வழிகாட்டும் ஃபிளைட் டைரக்டரையும் அணைப்பார்கள். "45 டிகிரி சாய்த்துத் திரும்பு, உயரத்தைப் பிடி" என்பார்கள். உயரம் 100 அடிக்குமேல் நழுவக் கூடாது. ஒன்றரை ஆண்டாக எதையும் தொடாத கைக்கு முதல் கால் சுற்றிலேயே 200 அடி போய்விடும். மாதம் ஒரு முறையாவது ஃபிளையிங் கிளப்பிலோ சிமுலேட்டரிலோ கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். செப்பாங் விமான நிலையத்தில் ஃபிளைட் ஆபரேஷன்ஸ், டிஸ்பேட்ச் (பறப்பைத் தரையிலிருந்து திட்டமிடும்) வேலை கிடைத்தால் வெட்கப்படாமல் சேருங்கள். வானிலை அறிக்கையும் எரிபொருள் கணக்கும் தினமும் கண்ணில் படும். ஆள் எடுக்கப்போகும் செய்தி விளம்பரத்துக்கு முன்பே காதில் விழும்.

வெளிநாட்டில் வேலை உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்னும் ஏஜென்டுக்கு ஒரு வரி போதும்: கம்பெனியின் எச்.ஆர்.-ஐ நீங்களே நேரில் தொடர்புகொள்ளாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மலேசிய லைசென்ஸ் வேறு நாட்டில் தானாகச் செல்லாது. அந்த நாட்டின் மாற்றுத் தேர்வும் செலவும் தனி.

வீட்டுக் கடன் தவணையை முதல் சம்பளத்தை நம்பித் திட்டமிடுவதும் தவறுதான். மலேசியா ஏர்லைன்ஸ் 2015 மறுசீரமைப்பில் சுமார் 6000 பேரைக் குறைத்தது. 2020 கோவிட் காலத்தில் வேலை இழந்த ஒரு கேப்டன், சீருடையும் தொப்பியுமாக நூடல்ஸ் கடை போட்டது செய்தியானது. இது அனுபவசாலிகளுக்கே நடந்தது. ஆறு மாதத் தவணைக்காவது பணம் கையில் இருக்கட்டும். பகுதி நேரப் பட்டப்படிப்பு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

வேலையே கிடைத்துவிட்டது என்றால் பாண்டு வரும். பயிற்சிச் செலவுக்கு ஈடாக இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்னும் ஒப்பந்தம் அது. சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். தொகை மாதாமாதம் குறைகிறதா, இல்லை கடைசி நாள்வரை முழுத்தொகையும் நிற்கிறதா? கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் பாண்டு தீருமா? மருத்துவச் சான்றிதழ் பறிபோனால் யார் கட்டுவது, லைசென்ஸ் இழப்புக் காப்பீடு உண்டா? ஜாமீன் கையெழுத்து யார்? பெரும்பாலும் அப்பா, இல்லாவிட்டால் அரசாங்க வேலையில் இருக்கும் மாமா. நீங்கள் இரண்டாம் ஆண்டில் வேறு கம்பெனிக்குத் தாவினால் வக்கீல் நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் போகும். கையெழுத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், வக்கீலிடம் ஒரு முறை காட்டுங்கள், ஜாமீன் போடுபவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.