பாறையைத் தூக்குபவனும் நிலவை உடைப்பவனும்: கற்பனை வீரர்களின் பலத்தைக் கணக்கிடும் முறை

கதைகளில் வரும் வீரர்களின் பலத்தைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பும் ‘சக்தி’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு வெவ்வேறு பொருள்களைப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கணக்கிட்டேன். விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. பேச்சு வழக்கில் சக்தி என்று நாம் சொல்வதைப் பள்ளிப் பாடநூல் விசை, ஆற்றல், திறன் என்று மூன்றாகப் பிரிக்கிறது. விசையை நியூட்டனிலும் ஆற்றலை ஜூலிலும் திறனை வாட்டிலும் அளக்கிறோம். கணக்கைத் தொடங்கும் முன்பே இவற்றுள் எதைத் தேடுகிறோம் என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிவிட வேண்டும்.

முதல் படி, படத்திலிருந்து அளவெடுப்பது. இதற்கு நான் கிம்ப் மென்பொருளின் அளவுகோல் கருவியைத்தான் பரிந்துரைப்பேன். திரையின் மேல் அளவுகோலை வைத்து அளப்பதில் பிழை மிகுதி. 1.7 மீட்டர் உயரமுள்ள வீரன் படத்தில் 170 பிக்சல் உயரம் இருக்கிறான், அவன் தலைக்கு மேல் தூக்கியிருக்கும் உருண்டைப் பாறை 400 பிக்சல் அகலம் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் பாறையின் விட்டம் 4 மீட்டர். பாரம் தூக்கும் வீரன் பெரும்பாலும் முழங்காலை மடக்கியே நிற்பான் என்பதால், அவன் நிமிர்ந்து நிற்கும் வேறொரு படத்தில் தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை அறிந்துகொண்டு, தூக்கும் படத்தில் தலையை மட்டும் அளப்பது நல்லது. பாறை வீரனைவிடப் பின்னால் தள்ளியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. இருவரும் ஒரே தொலைவில் இருக்கும் படமாகத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்தது கன அளவு. என்னுடைய முதல் கணக்கு முழுவதும் பாழானது இந்த இடத்தில்தான். கோளத்தின் கன அளவைக் காண, மூன்றில் நான்கு பங்கை (4/3) ‘பை’ (π) என்ற மாறிலியாலும் ஆரத்தின் மும்மடியாலும் பெருக்க வேண்டும். நான் ஆரத்திற்குப் பதிலாக விட்டத்தை இட்டுவிட்டேன். 33.5 கன மீட்டர் வர வேண்டிய இடத்தில் 268 வந்தது. நீளத்தில் செய்த இருமடங்குப் பிழை, நிறையில் எட்டு மடங்காகிவிட்டது. அளவெடுப்பில் 10 விழுக்காடு கூடிப்போனாலே நிறை 33 விழுக்காடு கூடிவிடும் என்பதால், ஒவ்வொரு நீளத்தையும் மூன்று முறை அளந்து சராசரியை எடுத்துக்கொள்வது என் வழக்கம். விரிதாளில் எண்ணுக்கு ஒரு பத்தியும் அலகுக்குத் தனியே ஒரு பத்தியும் வைத்துக்கொண்டால், இத்தகைய பிழை உடனே கண்ணில் படும்.

கருங்கல்லின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2,700 கிலோ என்று கொண்டால், நம் பாறையின் நிறை சுமார் 90 டன். இதை இரண்டு மீட்டர் உயரத்திற்கு ஒரே நொடியில் தூக்குகிறான் என்று வைத்துக்கொண்டு மூன்று விடைகளையும் காண்போம். பாறையைத் தாங்கி நிற்பதற்கு மட்டும் சுமார் 8.9 லட்சம் நியூட்டன் விசை வேண்டும். 2020ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் பளுதூக்கும் வீரர் ஹாஃப்தோர் பியோர்ன்சன் தரையிலிருந்து தூக்கிய எடை 501 கிலோ. நம் வீரன் தாங்குவது அதைப்போல 180 மடங்கு. தூக்குவதற்கான திறன், சராசரியாகச் சுமார் 17.7 லட்சம் வாட், அதாவது ஏறத்தாழ 2,400 குதிரைத்திறன். ஆனால் இதற்குச் செலவான ஆற்றல் 17.7 லட்சம் ஜூல்தான். அதை உணவுக் கணக்கில் சொன்னால் சுமார் 420 கிலோ கலோரி, ஒரு வேளைச் சிற்றுண்டியில் அடங்கிவிடும் அளவு. தசை வீணாக்கும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் ஒரு நாள் உணவுக்குள் அடங்கிவிடும். இந்த வீரனின் வியப்பு விசையிலும் திறனிலும் இருக்கிறதே தவிர ஆற்றலில் இல்லை என்பதைக் கண்டபோதுதான் எனக்கு இந்தக் கணக்குகளின் மீது உண்மையான பற்று ஏற்பட்டது.

இனி நிலவுக்கு வருவோம். அகிரா தோரியாமா 1984இல் தொடங்கிய டிராகன் பால் மங்காவில் (ஜப்பானியப் படக்கதை), பெருங்குரங்காக மாறிவிட்ட கதாநாயகன் கோகுவைப் பழைய உருவத்திற்குக் கொண்டுவர, அவனுடைய குரு மாஸ்டர் ரோஷி முழுநிலவை அழித்துவிடுகிறார். இங்கே பாறையை நொறுக்கும் கணக்கு போதாது. நொறுங்கிய துண்டுகளை நிலவின் சொந்த ஈர்ப்பே மீண்டும் ஒன்றாகச் சேர்த்துவிடும் என்பதால், அவை திரும்பி வராதபடி பிரிப்பதற்கு வேண்டிய ஈர்ப்புப் பிணைப்பு ஆற்றலைக் காண வேண்டும். ஈர்ப்பு மாறிலியை நிறையின் இருமடியால் பெருக்கி, ஆரத்தால் வகுத்து, ஐந்தில் மூன்று பங்கை எடுக்க வேண்டும். நிலவின் நிறை 7.34 × 10²² கிலோ, ஆரம் 1,737 கிலோமீட்டர். ஆரத்தை மீட்டருக்கு மாற்ற மறக்கக் கூடாது. விடை சுமார் 1.24 × 10²⁹ ஜூல். சூரியன் ஐந்தரை நிமிடங்களில் எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஆற்றலுக்கு இது ஏறத்தாழச் சமம். டிஎன்டி என்னும் வெடிமருந்தின் எத்தனை டன்னுக்குச் சமம் என்று மாற்றிச் சொல்வதைவிட இப்படிச் சூரியனோடு ஒப்பிடுவதையே நான் விரும்புகிறேன். 3 × 10¹⁹ டன் என்பது மனத்தில் எந்தச் சித்திரத்தையும் எழுப்புவதில்லை. நிலவு முழுவதும் ஒரே அடர்த்தி உடையது என்று இச்சூத்திரம் கொள்வதையும் விடையோடு குறித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், துண்டுகள் எவ்வளவு வேகத்தில் சிதறின என்பதை நான் கருதவே இல்லையே என்று கேட்டார். அவர் கேட்டது மிகச் சரி. நிலவிலிருந்து தப்பும் வேகம் நொடிக்கு 2.38 கிலோமீட்டர். அந்த வேகத்தில் செல்லும் துண்டு நிலவின் ஆரத்தளவு தொலைவைக் கடக்கவே 12 நிமிடங்கள் ஆகும். வெடிப்பு ஒரே நொடியில் இருமடங்கு ஆரத்திற்கு விரிவதாகக் காட்டப்பட்டால், வெளி விளிம்பின் வேகம் நொடிக்கு 1,737 கிலோமீட்டர். மையத்தை நோக்கி வேகம் சீராகக் குறைவதாகக் கொண்டால், எல்லாத் துண்டுகளின் மொத்த இயக்க ஆற்றல் சுமார் 6.6 × 10³⁴ ஜூல், அதாவது முந்தைய விடையைப்போல ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல். அசைவூட்டப் பதிப்பில் இந்த நேரத்தை அளக்க விஎல்சி என்னும் காணொளி இயக்கி மென்பொருள் போதும். ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் காட்சி ஒவ்வொரு சட்டகமாக நகரும். அச்சு மங்காவின் கட்டங்களுக்கு இடையே கடந்த நேரத்தை அளக்க வழியில்லாததால், அங்கே பிணைப்பு ஆற்றலை மட்டும் எழுதி, அதன் எதிரே ‘குறைந்தபட்சம்’ என்று குறிக்கிறேன்.