மார்கழி விடுமுறையில் வீடு, படம், புத்தகம்: பினாங்குக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிக்காலம் நமக்கு இல்லை. நமக்கு உள்ளது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட டிசம்பர் விடுமுறை திரும்பி வந்திருக்கிறது. பெற்றோர் மிச்சமிருக்கும் லீவை எடுக்கிறார்கள், பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள், பொங்கலோ வாசலில் நிற்கிறது. கூடத்துக்குச் சாயம், புத்தகங்களுக்கு அலமாரி, குடும்பத்தோடு இரண்டு படம், பிள்ளைக்கு நாலு புத்தகம் என்று பட்டியல் நீள்கிறது.

இவற்றில் கெட்டுப்போகிற வேலைகளைக் கவனித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கண்ணில் படுவதிலிருந்து தொடங்கிவிடுகிறோம். சுவரின் நிறம் தெரிகிறது, உள்ளே ஊறியிருக்கும் ஈரம் தெரிவதில்லை. நடிகரின் முகம் தெரிகிறது, படம் எந்த வயதுக்கானது என்பது தெரிவதில்லை. புத்தகத்தின் அட்டை தெரிகிறது, அதைப் படிக்கப்போகிற பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரிவதில்லை.

மழையைப் பார்க்காமல் நாள் குறிப்பது

டிசம்பரில் தொலைக்காட்சியைத் திறந்தால் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம். அதைப் பார்த்துவிட்டு, பினாங்கிலும் இது அடைமழைக் காலம் என்று நினைப்பவர்கள் நிறைய. வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கைத் தித்திவாங்சா மலைத்தொடர் கிழக்குக் கரையிலேயே வாங்கிக்கொள்கிறது. பினாங்கில் அதிகம் மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். நவம்பரிலும் ஓரளவு தொடரும். டிசம்பரில் குறைந்துகொண்டே வந்து, ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டிலேயே வறண்ட மாதங்களாகிவிடும். கோலாலம்பூரில் நிலைமை வேறு. அங்கே நவம்பர்தான் உச்சம், டிசம்பரிலும் பிற்பகல் இடிமழை விடாது.

ஆகவே தீபாவளிக்குப் பிறகு அவசர அவசரமாக வெளிச்சுவருக்குச் சாயம் பூசுவதைவிட, டிசம்பர் கடைசி வாரம்வரை பொறுப்பது நல்லது. ஆனால் ஆள் கிடைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் சாயக்காரர், பைப்காரர், ஓடு பதிப்பவர் என்று பலர் சீனர்கள். சீனப் புத்தாண்டு நெருங்க நெருங்க அவர்கள் கையில் வேலை குவிந்துவிடும், பெருநாள் தொடங்கிவிட்டால் சில நேரம் பெருநாளின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே வரைக்கும் கடை திறக்காது. எனவே ஜனவரியில் செய்யப்போகிற வேலைக்கு நவம்பரிலேயே ஆளைப் பேசி வையுங்கள்.

ஈரச் சுவரில் சாயம் பூசுவது

வீட்டு வேலையில் எனக்கு அதிகம் மனம் வலிக்கிற தவறு இதுதான். காசும் உழைப்பும் சேர்ந்து வீணாவது இதில்தான் அதிகம்.

அறிகுறி எல்லாருக்கும் தெரியும். சாயம் கொப்பளித்து நிற்கும், விரலால் தொட்டால் தோல்போல உரியும், அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். உடனே சுரண்டுகிறோம், புட்டி வைக்கிறோம், இரண்டு கோட் அடிக்கிறோம். சில மாதத்தில் அதே இடம் மறுபடி கொப்பளிக்கிறது. சாயம் மட்டம் என்று அடுத்த தடவை விலை கூடியதை வாங்குகிறோம். சாயத்தின்மேல் குற்றமே இல்லை. சுவருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. மேல்மாடிக் குளியலறைத் தரை, சுவருக்குள் ஓடும் பைப், வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல், பக்கத்து வீட்டார் நீட்டிக் கட்டிய கூரையின் தண்ணீர்த் தூம்பு, இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். தண்ணீர் சுவரில் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. ஈரம் ஆவியாகிறது, தங்கிவிட்ட உப்பு சாயத்தைத் தள்ளுகிறது.

செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு சாண் அகலத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, சந்தேகப்படும் இடத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் காலை, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம், சன்னல் திறப்பதும் காற்றாடி போடுவதுமே போதும். உட்பக்கம் நனைந்திருக்கும் சுவருக்குச் சாயக் கடையில் மருந்து இல்லை. கசிவை அடைத்து, உலரவிட்டு, பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவர் என்றால் சுமார் நான்கு வாரம் காய வேண்டும். அதற்குப் பிறகே சீலர், அதற்குப் பிறகே சாயம்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இந்தத் தவறு இன்னும் கொடுமையானது. குயின் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் அஞ்சடியில் (கடைவீடுகளின் முன்புற நடைபாதையில்) நடந்துபோனால் தூண்களின் அடிப்பாகத்தைப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டிய சுவர் அது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே தானாக ஆவியாகிப் போகும். அதன்மேல் பளபளப்பாக இருக்கட்டும் என்று சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் சாயத்தையும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லையே பொடியாக்கும். நூறு வருடம் நின்ற சுவரை நாமே நோயாளி ஆக்குகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரையே தேட வேண்டும், ஈரத்தை வெளியே விடும் சாயத்தையே பூச வேண்டும். 2008 முதல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளம். அந்த வட்டத்துக்குள் வேலை தொடங்கும் முன் பினாங்குத் தீவு மாநகராண்மைக் கழகத்திடம் அனுமதி கேட்கவும் வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் சுவரை உடைக்கக் கூடாது. துளை போடும் நேரத்துக்குக் கூட விதி இருக்கும். பழைய தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளின் சீலிங் பலகையிலும் அலைக்கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அதைத் துளைப்பதும் உரசித் தேய்ப்பதும் கூடவே கூடாது, அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மின்கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் வர வேண்டும். வாட்டர் ஹீட்டர் உள்ள குளியலறைக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேலை முடிந்ததும் பின்வாசலில் விட்டுவைக்கிற காலிச் சாய வாளியையும் உடைந்த ஓடுகளையும் மறந்துவிடாதீர்கள். அவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

பணத்தை முன்கூட்டியே முழுசாகக் கொடுத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றும் முடிய முடியக் கொடுங்கள். கொண்டிராக்டர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீதும் எழுதிய ஒப்பந்தமும் இருக்க வேண்டும்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பது

புதுச் சாயம் காய்ந்த கையோடு புத்தக அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டித் தள்ளுகிறோம். கூடம் விசாலமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பினாங்குக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எழுபது எண்பது விழுக்காட்டில் இருக்கும். 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே நாலு விரற்கடையாவது காற்று ஓட வேண்டும், கீழ்த்தட்டு தரையைவிட்டு உயர்ந்திருக்க வேண்டும். புத்தகங்களை இறுக்கி அடைக்கவும் கூடாது. பூஞ்சணம் கண்டால் அந்தப் புத்தகத்தைத் தனியே எடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அலமாரியில் அந்துருண்டை போடுவது தலைமுறைப் பழக்கம். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்பேன், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது) உள்ள குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மஞ்சள் காமாலை முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். நம் நாட்டில் பிள்ளை பிறந்தவுடனே இந்தக் குறைபாட்டுக்கு இரத்தச் சோதனை செய்கிறார்கள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், முடிவு எழுதியிருக்கும். பூச்சிக்குக் காற்றோட்டமும், மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வைப்பதுமே பெரிய மருந்து.

நடிகரைப் பார்த்து டிக்கெட் வாங்குவது

விடுமுறையில் பெரிய நடிகர் படம் வந்தால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்வது நம் வழக்கம், அழகான வழக்கமும்கூட. ஆனால் பெரிய நடிகரின் படம் எல்லாம் குடும்பப் படம் அல்ல. இப்போது வரும் பல படங்களில் வெட்டும் குத்தும் தாராளமாக இருக்கிறது. இந்தியாவில் யூஏ தானே என்று அந்நாட்டுத் தணிக்கைச் சான்றிதழை வைத்து முடிவு செய்பவர்கள் உண்டு. அங்கே 2024 முதல் யூஏ என்பதே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது, அதுவும் பெற்றோருக்கான அறிவுறுத்தல்தான். இங்கே நம் திரைப்படத் தணிக்கை வாரியம் தனியாக வகைப்படுத்துகிறது. யூ எல்லாருக்கும், பி12 என்றால் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும். 13, 16, 18 என்பவை அந்த வயதும் அதற்கு மேலும். டிக்கெட் வாங்கும் பக்கத்தில் படத்தின் பெயர் அருகிலேயே இது இருக்கும். வாசலில் வந்து எட்டு வயதுப் பிள்ளையோடு தடுமாறுவதைவிட வீட்டிலேயே பார்த்துவிடுவது மேல்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். மூன்று மணி நேரப் படத்தின் ஒன்பது மணிக் காட்சிக்குச் சிறு பிள்ளையைக் கூட்டிப் போனால் இரண்டாம் பாதியில் அது அழும் அல்லது தூங்கும். வீட்டில் பார்ப்பதென்றால், பெரியவர்களில் ஒருவர் முதல் நாள் இரவு பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் போடுவதைவிடச் சிறந்த தணிக்கை கிடையாது. இன்னொன்று: படம் முடிந்ததும் நீதி என்ன, பாடம் என்ன என்று விசாரிக்காதீர்கள். எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டால் பிள்ளை தானே பேசும்.

புத்தகத்தைப் பள்ளிக்கூடமாக்குவது

விடுமுறை தொடங்கியதும் கடைகளில் அதிகம் விற்பது கதைப் புத்தகமல்ல, பயிற்சி நூல். ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிந்தது. ஆனால் அந்தப் பயம் ஒழியவில்லை. பள்ளியில் நீலாம் என்ற வாசிப்புத் திட்டத்தின் பதிவேட்டுக்காக ஆண்டு முழுதும் படித்ததை எழுதிக் காட்டிய பிள்ளைக்கு, வீட்டிலும் படித்து முடித்ததும் சுருக்கம் எழுது என்றால் புத்தகம் என்றாலே வீட்டுப்பாடம் என்று ஆகிவிடும். இந்தச் சில வாரமாவது எழுதாமல் படிக்கட்டும். பாதியில் பிடிக்கவில்லை என்றால் மூடிவைக்கவும் விடுங்கள்.

அடுத்த தவறு, நாம் சிறுவயதில் ரசித்ததையே வாங்கிக் கொடுப்பது. தமிழ்நாட்டில் அச்சான நூலில் வரும் ஊர்ப் பேச்சும் பொருள்களும் ஆயர் ஈத்தாமில் வளரும் பிள்ளைக்கு அந்நியமாக இருக்கும். அது படிக்கக் கூடாது என்பதல்ல, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தால் அந்தத் தடை இருக்காது. தானாகப் படிக்க, ஒரு பக்கத்தில் தெரியாத சொல் நாலைந்துக்கு மேல் வராத புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். கடையிலேயே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த விடுமுறைக்கு வேறு எடை இருக்கிறது. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்த நாட்டில் தமிழ்க் கல்வியின் கணக்கை எழுதுகிறோம். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. ஜனவரியில் அந்தப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தால் நாள் முழுக்கக் காதில் விழுவது வேறு மொழி. தமிழ் அங்கே தானாக வராது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் பள்ளி தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். எல்லாப் பெற்றோரும் வேறு யாராவது கேட்பார்கள் என்று இருந்துவிடுகிறார்கள், மார்ச் வந்த பிறகு விசாரித்தால் கால அட்டவணை முடிந்துபோயிருக்கிறது. உங்கள் பிள்ளையோடு அதே இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வகுப்புத் தோழர்களின் பெற்றோரை இந்த விடுமுறையிலேயே கூப்பிட்டுப் பேசுங்கள். பெயர்களைச் சேர்த்து, எழுத்தில் கோரிக்கை தயாரித்து, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் பிள்ளையைப் பதியும் நாளன்றே தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள்.