ஓட்டத்தை நிறுத்திய சிப்பிப்பாறையை வீட்டு நாயாக வளர்ப்பது எப்படி?

மேல்நாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களுக்கு வீடு தேடித் தருவதற்கென்றே அமைப்புகள் இயங்குகின்றன. நம் தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கு ஓடிய சிப்பிப்பாறை இன நாயோ கன்னி இன நாயோ கால் நொண்டத் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட நாயை மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் வளர்க்க விரும்புவோர், காவலுக்காக அதை வாங்க வேண்டாம். இரவில் வாசலில் நிற்கும் ஆளைவிடப் பகலில் தெருமுனையில் துள்ளும் ஆட்டுக்குட்டியே அதற்குப் பெரிய செய்தி.

வாங்கும்போதே, நாயை முழுமையாக ஒப்படைத்துவிட்டதாகப் பழைய உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது வீண் சம்பிரதாயமன்று. கால் தேறியதும் “ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்கள்” என்று வந்து நிற்பவர்கள் உண்டு. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இரவல் கொடுத்தால் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரக்கூடும். கருத்தடை செய்துவிட்டால், குட்டிக்காகக் கேட்டு வருபவர்களின் தொல்லையும் ஓய்ந்துவிடும்.

இந்த நாய்கள் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. எனவே, வீட்டைச் சுற்றி உள்ள வேலியில் முதல் வேலை, வெளியே ஓடுவது உள்ளிருக்கும் நாய்க்குத் தெரியாதபடி மறைப்பதுதான். ஆளுயரப் பனையோலை அடைப்பு இதற்கு நன்றாகவே பயன்படும். சீமைக்கருவேல முள்வேலி வேண்டாம்; தோல் மெல்லியது என்பதால், பிற நாய்க்குக் கீறலோடு போகிற முள் இதற்குத் தையல் போடும் அளவுக்குக் கிழித்துவிடும்.

கழுத்துப்பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வகை நாய்களின் தலை குறுகலானது. கழுத்து ஏறத்தாழ அதே பருமன். சாதாரணப் பட்டையைப் போட்டு இழுத்தால், நாய் இரண்டு அடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தும், பட்டை காதுகளைத் தாண்டி வந்து உங்கள் கையில் தொங்கும், நாய் அடுத்த தெருவில் இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகித் தளர்த்தினால் விட்டுவிடும் பட்டையே பொருத்தமானது. கையில் கிடைக்கிறதே என்று வலைக்கயிற்றைக் கட்டினால் அது கழுத்தை அறுக்கும்.

முதல் சில வாரங்கள் ஆடு, கோழி, பூனை எதிர்ப்படும் இடங்களில், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தருகிற கூடை வடிவ வாய்மூடியை அணிவித்தே அழைத்துச் செல்லுங்கள். ஆட்டைத் தொலைவில் கண்டதும் நாய் காதை நிமிர்த்தி அசையாமல் நிற்கும். அந்த நொடியிலேயே பெயர் சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்தால் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு கத்துவதில் பயனில்லை. சில நாய்கள் வீட்டுப் பூனையோடு பழகிவிடும்; சில கடைசிவரை பழகாது. பழகாததை அடித்துத் திருத்த முயல்வது அறிவீனம்.

கடற்கரையில் இதைக் கயிறின்றி விடவே கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம் என்பதோடு, வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீனும் கரையில் கிடக்கும். அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும். தூண்டில் முள்ளும் கெளுத்தி முள்ளும் வேறு. கோடையில் உங்கள் வெறுங்கால் தாங்காத மணலில் நாயை நடத்தாதீர்கள். மாறாக, வாடைக்காற்று வீசும் மாதங்களில் கொழுப்பும் அடர்ந்த முடியும் இல்லாத இந்த உடல் நடுங்கும்; பழைய புடவைகளை மடித்துத் தைத்த படுக்கை குளிருக்கும் ஆகும், முழங்கை காய்த்துப்போகாமலும் காக்கும்.

வந்த வாரத்திலேயே வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கான சிகிச்சை ஆகியவற்றை முடித்து, உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன், இது வேட்டை நாய் இனம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகள் கிரேஹவுண்டின் உடலிலிருந்து மிக மெதுவாகவே நீங்குகின்றன என்பதால், அதே உடலமைப்புள்ள சிப்பிப்பாறைக்கும் அந்த எச்சரிக்கை தேவை. கடைசி விலா எலும்புகள் இரண்டு மூன்று இலேசாகத் தெரிவது இதற்கு இயல்பு. பட்டினி போடுகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுச் சோற்றை அதிகமாக்கினால், பழுதுபட்ட காலுக்குத்தான் சுமை கூடும்.

ஓட ஆசை அதற்குப் போகாது. போக வேண்டியதும் இல்லை. கால் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால், சுற்றுச்சுவர் உள்ள தென்னந்தோப்பில் மயிலோ கீரியோ இல்லை என்று பார்த்துவிட்டு, காலை வெயில் ஏறுமுன் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே அதுவாக வந்து படுத்துவிடும். இரைப்பு அடங்கிய பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகவும், ஒரு மணி நேரம் கழித்து உணவையும் கொடுங்கள்.