கேமிங் ஹெட்செட்: சத்தம் போகும் வழியும் சரியான செட்டிங்கும்

யாங்கோனில் அனோராதா சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் நடைபாதை ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலுக்குள் எதிராளியின் காலடி நமக்குக் கேட்க வேண்டும், நம் பேச்சு கூட்டாளிக்குப் புரிய வேண்டும். புதுசு வாங்கக் கிளம்புமுன் கையில் இருப்பதைச் சரியாக அமைத்துப் பாருங்கள்.

1. எந்தச் சிப் வேலை செய்கிறது?

3.5 மி.மீ. பின் உள்ள சாதாரண ஹெட்செட்டில் ஸ்பீக்கரும் மைக்கும்தான் உண்டு; டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக்கும் வேலை கணினியில் இருக்கும் சிப்புடையது. யூ.எஸ்.பி. வகையில் அந்தச் சிப் ஹெட்செட்டிலேயே இருக்கும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை ஒலி மாதிரி) வைத்தால் போதும். 96,000 வைத்தாலும் எதிராளியின் காலடி சீக்கிரமாகக் கேட்டுவிடாது.

2. திசை

ஸ்பீக்கர் இரண்டுதான். பிறகு பின்னாலிருந்து காலடி எப்படிக் கேட்கிறது? வலப்பக்கச் சத்தம் இடக்காதை எட்ட ஏறக்குறைய 0.7 மில்லிநொடி வரை பிந்தும். தலை மறைப்பதால் மங்கியும் போகும். முன்னா பின்னா என்பதைக் காதுமடல் ஒலியில் செய்யும் மாற்றம் காட்டிக்கொடுக்கும். இத்தனையையும் கணக்குப் போட்டு ஒலியில் ஏற்றுவதுதான் எச்.ஆர்.டி.எஃப். பெட்டிமேல் 7.1 (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், கூட ஒரு பாஸ் ஸ்பீக்கர்) என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் இந்த வித்தைதான்.

இதை ஒரே இடத்தில் மட்டும் ஓடவிடுங்கள். வாலரன்ட் கேமுக்குள் எச்.ஆர்.டி.எஃப். போட்டால் ஹெட்செட்டின் 7.1, விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்ட் இரண்டையும் அணையுங்கள். திசைமேல் திசை ஏறினால் காலடி எங்கிருந்து வருகிறதென்றே புரியாது. கஸ்டம் மேட்சில் நண்பரைச் சுற்றி நடக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கை காட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் மட்டும் குழம்பினால் ஹெட்செட்டைத் திட்டாதீர்கள்; அந்தக் கணக்கு ஒரு பொதுக் காதுக்குப் போட்டது.

3. ஈக்வலைசர்

ஒலியின் அடி, நடு, உச்சிப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் செட்டிங் இது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் குறையுங்கள், வெடிச்சத்தம் காலடியை அமுக்காது. அவ்வளவுதான்.

4. மைக்

50 ஹெர்ட்ஸ் கரண்ட் தரும் சின்ன ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, அதாவது நொடிக்கு 25. ஆகவே அதன் உறுமலில் பெரும்பங்கு 25, 50, 75 ஹெர்ட்ஸ் என்று அடியில் கிடக்கும். பேச்சைப் புரியவைக்கும் ஒலிகள் அதற்கு வெகு மேலே. முதலில் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைப்பது) போடுங்கள். மேலே மிஞ்சும் இரைச்சலுக்கு, பேச்சை விட்டு இரைச்சலை அமுக்கும் நாய்ஸ் சப்ரஷன். நாய்ஸ் கேட் கடைசியில். அது நீங்கள் பேசாதபோதுதான் மைக்கை மூடும், வாயைத் திறந்தால் ஜெனரேட்டரும் கூடவே நுழையும். சோதனைப் பதிவை ஜெனரேட்டர் ஓடும்போதே எடுங்கள்.

5. ப்ளூடூத்

வழக்கமான ப்ளூடூத்தில் மைக்கைத் திறந்ததும் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறிவிடும். கேம் ஒலி மோனோவாகி (இரு காதுக்கும் ஒரே ஒலி), பெரும்பாலும் நொடிக்கு 16,000 மாதிரியோ அதற்கும் கீழோ இறங்கும், திசை போச்சு. வயரோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோ (யூ.எஸ்.பி.யில் செருகும் வயர்லெஸ் ரிசீவர்) இல்லையென்றால், ஹெட்செட்டில் கேளுங்கள், மைக்குக்கு லேப்டாப்பினுடையதைத் தேர்ந்தெடுங்கள்.