போஸ்ட்கிரெஸ் இணைய மாட்டேன் என்கிறதா? பிழைச் செய்தியில் இருந்து தொடங்குங்கள்

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) நிறுவியாகிவிட்டது. சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் ஓடுகிறது. வேறு கணினியில் இருக்கும் செயலியில் இருந்து இணைத்தால் மட்டும் பிழை. உடனே பலரும் இணையத்தில் தேடி, கிடைத்த மாற்றங்களை எல்லாம் கான்ஃபிக் கோப்பில் போட்டுப் பார்க்கிறார்கள். ஏதோ ஒன்று வேலை செய்துவிடும், எது என்று தெரியாது. கூடவே ‘ட்ரஸ்ட்’ என்ற சொல்லும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடு என்பதுதான் அதன் பொருள்.

இவ்வளவு சிரமம் தேவையே இல்லை. இணைப்புக் கோரிக்கை எந்த வாசல் வரை போய் நின்றது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது. அந்த வாசலை மட்டும் பார்த்தால் போதும்.

இங்கே உபுண்டு 24.04, அதில் வரும் போஸ்ட்கிரெஸ் 16 என்று வைத்துக்கொள்வோம். சர்வரின் முகவரி 192.168.1.10, செயலி இருப்பது 192.168.1.20. கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், சர்வர் ஓடுகிறதா?

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று கட்டளை கொடுத்தால் ‘ஆக்டிவ்’ என்று பச்சையில் காட்டும், பக்கத்திலேயே ‘எக்ஸிட்டட்’ என்றும் இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துத்தான் குழம்புகிறார்கள். உபுண்டுவில் அந்தப் பெயரில் இருப்பது வெறும் மேலுறை சர்வீஸ். உண்மையான சர்வர் கீழே இறந்து கிடந்தாலும் அது ‘ஆக்டிவ்’ என்றே சொல்லும். அதனால் இதைக் கொடுங்கள்:

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்

பதிப்பு, போர்ட் (இணைப்பு வந்து சேரும் வாசலின் எண்), நிலை, டேட்டா கோப்புறை, லாக் கோப்பு எல்லாம் ஒரே வரியில் வரும். நிலை ‘ஆன்லைன்’ என்றால் சரி. போர்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஏற்கெனவே பழைய பதிப்பு ஒன்று 5432-இல் இருந்தால், புதியது சத்தமில்லாமல் 5433-இல் போய் அமர்ந்துகொள்ளும். நீங்கள் தட்டிக்கொண்டிருப்பது பழைய வீட்டுக் கதவாக இருக்கலாம்.

‘டவுன்’ என்று இருந்தால் அதே வரியில் காட்டும் லாக் கோப்பின் கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: கான்ஃபிக் கோப்பில் எழுத்துப்பிழை (வரி எண்ணோடு சொல்லும்), போர்ட்டை வேறு ஏதோ பிடித்திருக்கிறது, அல்லது டிஸ்க் நிரம்பிவிட்டது.

டிஸ்க் நிரம்பியிருந்தால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டேட்டா கோப்புறைக்குள் பிஜி_வால் என்று பெரிதாக ஒன்று இருக்கும், தரவில் நடக்கும் மாற்றங்கள் முதலில் எழுதப்படும் பதிவேடு அது. அதில் கை வைக்காதீர்கள். 2017-இல் 10-ஆம் பதிப்பு வருவதற்கு முன்பு வரை அதன் பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் ‘லாக்’ இருந்ததால் சாதாரண லாக் என்று நினைத்துப் பலர் அழித்து, தரவுத்தளத்தையே இழந்தார்கள். பெயரை மாற்றியதே அதனால்தான். வேறு இடத்தில் பழைய பேக்கப், தேவையில்லாத கோப்புகளை அழித்து இடம் உண்டாக்குங்கள், அல்லது டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள்.

‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’

இது சர்வரிலேயே இருந்து இணைக்கும்போது வருவது. ஹோஸ்ட் பெயர் கொடுக்காமல் இணைத்தால், லினக்ஸ் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றா என்று பார்க்கும். இல்லையென்றால் வெளியே. நிர்வாக வேலைக்கு, சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்க்யூஎல் கருவிக்குள் இப்படி நுழையுங்கள்:

சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல்

உங்கள் சொந்தப் பயனராக நுழைய வேண்டுமென்றால் -எச் லோக்கல்ஹோஸ்ட் சேர்த்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல் கேட்கும். இதற்காகக் கான்ஃபிக் கோப்பைத் தொட வேண்டாம்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’, ‘டைம்டு அவுட்’

இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் அந்தக் கணினியை எட்டிவிட்டீர்கள், அந்த போர்ட்டில் ஆள் இல்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே வரவில்லை, வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ரெஃப்யூஸ்டு வந்தால் காரணம் அநேகமாக லிசன்_அட்ரசஸ். இயல்பாக இது ‘லோக்கல்ஹோஸ்ட்’ மட்டும்தான். அதாவது சர்வர் தன் கணினிக்கு உள்ளே இருந்து வரும் குரலை மட்டுமே கேட்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடி அலையாமல், பிஎஸ்க்யூஎல் கருவிக்குள் நுழைந்து சர்வரையே கேளுங்கள்:

ஷோ கான்ஃபிக்_ஃபைல்;

அந்தக் கோப்பைத் திறந்து வரியை இப்படி மாற்றுங்கள்:

லிசன்_அட்ரசஸ் = 'லோக்கல்ஹோஸ்ட்,192.168.1.10'

வரியின் தொடக்கத்தில் # இருக்கும், அதை எடுக்க மறக்காதீர்கள். # இருக்கும்வரை அது வெறும் குறிப்புதான், மதிப்பை மாற்றினாலும் சர்வர் கண்டுகொள்ளாது. அப்புறம் இந்த அமைப்புக்கு ரீலோட் (கோப்பை மட்டும் மறுபடி படிப்பது) போதாது, ரீஸ்டார்ட் (சர்வரை நிறுத்தித் தொடங்குவது) வேண்டும். செய்தபின் ‘ஷோ லிசன்_அட்ரசஸ்;’ கொடுத்து உறுதிப்படுத்துங்கள். இன்னமும் பழைய மதிப்பே வந்தால், யாரோ முன்பு ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் மாற்றியிருக்கலாம். அது வேறொரு கோப்பில், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்ற பெயரில் பதிவாகும். நீங்கள் திருத்திய கோப்பை விட அதற்கே முன்னுரிமை.

டைம்டு அவுட் என்றால் ஃபயர்வாலைத் திறக்க வேண்டும், ஆனால் தேவையான அளவுக்கு மட்டும்:

சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.20 டு எனி போர்ட் 5432 ப்ரோட்டோ டிசிபி

கிளவுடில் இருந்தால் அங்கே தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கும், அதிலும் அனுமதி வேண்டும். 5432-ஐ உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். வீட்டில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குள் போகும் மறைகுறியாக்கிய பாதுகாப்பான வழி) போதும்.

‘நோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் என்ட்ரி’

இது வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க் சரியாகிவிட்டது, சர்வரே உங்களிடம் பேசுகிறது. யார், எங்கிருந்து, எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்று எழுதி வைக்கும் கோப்புதான் பிஜி_எச்பிஏ.கான்ஃப். ‘ஷோ எச்பிஏ_ஃபைல்;’ அதன் இடத்தைச் சொல்லும். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஹோஸ்ட்   கடை   கடை_ஆப்   192.168.1.20/32   ஸ்க்ராம்-ஷா-256

இணைப்பு வகை, தரவுத்தளம், பயனர், முகவரி, சரிபார்க்கும் முறை என்ற வரிசை. /32 என்றால் அந்த ஒரு முகவரி மட்டும், ஸ்க்ராம் என்பது கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சரிபார்க்கும் முறை. இந்தக் கோப்பில் முக்கியமான விதி ஒன்றே ஒன்று: சர்வர் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அந்த வரியில் சரிபார்ப்பு தோற்றால் அடுத்த வரியை முயன்று பார்க்காது. கடைசியில் சரியான வரியைச் சேர்த்தும் பலன் இல்லாமல் போவது இதனால்தான், மேலே ஏதோ ஒரு பொதுவான வரி பொருந்தியிருக்கும்.

சேமித்ததும் ரீலோட் செய்வதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்:

செலக்ட் * ஃப்ரம் பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்;

சர்வர் உங்கள் வரிகளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று அட்டவணையாகக் காட்டும். பிழை இருந்தால் ‘எரர்’ பத்தியில் தெரியும். இதைத் தவிர்க்காதீர்கள். பிழையோடு ரீலோட் செய்தால் பழைய விதிகளே தொடரும், ஒன்றும் மாறாது. பிழையோடு ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் எழுந்திருக்கவே மாட்டாது. எல்லாம் சுத்தமாக இருந்தால்:

செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்();

ரீஸ்டார்ட் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளும் அறுந்துபோகாது.

‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’

செயலிக்குக் கிடைக்கும் செய்தி வேண்டுமென்றே சுருக்கமாக இருக்கிறது. அப்படி ஒரு பயனரே இல்லையென்றாலும் இதையேதான் சொல்லும், வெளியாள் பயனர் பெயர்களை ஊகித்துவிடக் கூடாதல்லவா. உண்மைக் காரணம் சர்வரின் லாக்கில், ‘டீடெய்ல்’ என்று தொடங்கும் வரியில் இருக்கும். ‘ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்றால் பயனரை உருவாக்கவில்லை. கடவுச்சொல் பொருந்தவில்லை என்றால் அதையும், பிஜி_எச்பிஏ கோப்பின் எத்தனையாவது வரி பொருந்தியது என்பதையும் எழுதியிருக்கும். செல்லுபடியாகும் ஸ்க்ராம் ரகசியம் இல்லை என்று சொன்னால், கடவுச்சொல் பழைய எம்டி5 வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பில் இருந்து மாறி வந்தவர்களுக்கு இது நடக்கும். 14-ஆம் பதிப்பில் இருந்து ஸ்க்ராம்தான் இயல்பு. அதே கடவுச்சொல்லை மறுபடி ஒருமுறை அமைத்தால் தீர்ந்தது:

\பாஸ்வேர்டு கடை_ஆப்

ஆல்டர் ரோல் கட்டளையில் கடவுச்சொல்லை நேராக எழுதுவதை விட இது நல்லது. இதில் கடவுச்சொல் ஹிஸ்டரியிலோ லாக்கிலோ அப்படியே பதியாது.

‘டூ மெனி கிளையன்ட்ஸ்’

இது சில நாள் ஓடிய பிறகு வரும். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 100, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. உடனே 1000 ஆக்கிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ், நினைவகம் கரைந்துவிடும். யார் இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்:

செலக்ட் ஸ்டேட், கவுன்ட்(*) ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி குரூப் பை ஸ்டேட்;

‘ஐடில்’ அதிகமென்றால் செயலி இணைப்புகளைத் திறந்துவிட்டு மூடவில்லை. செயலியில் பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) அளவைக் குறையுங்கள், அல்லது நடுவில் இருந்து இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வையுங்கள். ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ அதிகமென்றால் விஷயம் இன்னும் மோசம். சேர்ந்தே முடிய வேண்டிய வேலைகளின் தொகுப்புதான் டிரான்சாக்‌ஷன். டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டவை அவை, பிடித்த பூட்டுகளை விடாமல் மற்றவர்களையும் காக்க வைக்கும். செயலியின் நிரலைத் திருத்துவதுதான் தீர்வு. அதுவரை ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்பதை '5மின்' என்று வைத்தால், ஐந்து நிமிடத்துக்கு மேல் அப்படிக் கிடப்பதைச் சர்வரே துண்டித்துவிடும். இதற்கு ரீலோட் போதும்.

இந்த வேலையோடு ஷேர்டு_பஃபர்ஸையும் (தரவைக் கைவசம் வைத்துக்கொள்ளச் சர்வர் எடுக்கும் நினைவகம்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். இயல்பான 128 எம்பி மிகக் குறைவு. தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய கணினியில் மொத்த ரேமில் கால் பங்கில் இருந்து தொடங்கலாம், 8 ஜிபி என்றால் 2 ஜிபி. வொர்க்_மெம் (வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கான நினைவகம்) மட்டும் தாராளமாக ஏற்றாதீர்கள். அது இணைப்புக்கு ஒன்று அல்ல, ஒரே குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். ஷேர்டு_பஃபர்ஸ் மாற்றத்துக்கு ரீஸ்டார்ட் வேண்டும், அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் செய்துவிட்டு, மறுபடி பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கொடுத்து ‘ஆன்லைன்’ வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.